பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

(பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் மாவட்ட மைய நூலகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடுமுறை நாள் மாலையில் இவ்வளவு பேர் வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி. முன்வரிசைகளில் ஆசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் தாய்மார்கள். அப்பாக்கள் அங்கொருவர் இங்கொருவராகத்தான் தெரிகிறார்கள். அம்மாக்கள் இன்று கேட்பதை வீட்டுக்குப் போய் அவர்களுக்கும் சொல்லுங்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதா வேண்டாமா என்பதைப் பல வீடுகளில் இன்னமும் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

நான் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறவன். பொதுத்தேர்வுகள் முடிந்ததும் எங்கள் ஓ.பி.க்குப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அதிகமாக வரத் தொடங்குவார்கள். எப்போதிலிருந்து இப்படி என்று கூட வந்தவர்களிடம் கேட்டால், "காலாண்டுப் பரீட்சையிலேர்ந்தே இப்படித்தான் சார் இருக்கா. பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்னு பார்த்தோம்" என்பார்கள். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் நடக்கிறது. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பிள்ளை தனியாகக் கிடந்து பட்டிருக்கிறது. அந்த மாதங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இவள் தனி ஒருத்தி அல்ல. பல பிள்ளைகளிடமிருந்து எடுத்து, யாருடைய அடையாளமும் தெரியாதபடி சேர்த்துச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். சாயங்காலம் தெருவில் ஷட்டில் ஆடுவாள். தம்பியோடு சண்டை போடுவாள், ராத்திரி அவனுக்கே கணக்குச் சொல்லித் தருவாள். ப்ளஸ் டூ தொடங்கிச் சில மாதங்களில் ஷட்டில் நின்றது. படிக்கிற வருஷம், நல்லதுதான் என்று வீட்டில் நினைத்தார்கள். அப்புறம் சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் எடுத்துப் போனாள். இரவு இரண்டு மணிவரை விளக்கு எரிந்தது. அதற்கும் பெருமைப்பட்டார்கள். அவளோ ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள், ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. தலைவலி என்றாள், கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். வயிற்றுவலி என்றாள், ஸ்கேன் எடுத்தார்கள். அரையாண்டில் மதிப்பெண் சரிந்த பிறகுதான் வீடே விழித்துக்கொண்டது. முதல் வேலையாகப் போனைப் பிடுங்கினார்கள். இரண்டாவது, இன்னொரு டியூஷன். என்ன ஆச்சு என்று அம்மா கேட்டால் கதவை அறைந்து சாத்தினாள். திமிர் ஏறிவிட்டது என்றார் அப்பா. கண்பட்டுவிட்டது என்று பாட்டி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்.

அந்த வீட்டில் அவள்மேல் பாசம் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. மூலையில் உட்கார்ந்து அவள் அழுதிருந்தால் அன்றைக்கே பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் பதின்வயதில் மனச்சோர்வு பல நேரங்களில் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக வருகிறது, சிடுசிடுப்பாக வருகிறது. மருத்துவர்கள் இந்த நோயைக் கணிக்க வைத்திருக்கும் வரையறையிலேயே, பெரியவர்களுக்குச் சோகம் என்று சொல்லும் இடத்தில், சிறுவர்களுக்கு எரிச்சல் மட்டும் இருந்தாலும் கணக்கில் கொள்ளலாம் என்றிருக்கிறது. நமக்கு அது தெரியாததால் ஒழுங்கீனம் என்று நினைத்து நோயைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் சிடுசிடுக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் மனச்சோர்வா? இல்லை. வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கூட்டாளியின் போன் வந்ததும் மொட்டைமாடிக்கு ஓடிப்போய் ஒரு மணி நேரம் சிரித்துப் பேசுகிற பையனைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். கூட்டாளியின் போனையும் எடுக்காமல் கவிழ்த்து வைக்கிறானே, அவனைப் பற்றித்தான் கவலை. கிரிக்கெட்டோ, பாட்டோ, முடி வெட்டிக்கொள்வதோ, முன்பு எதில் உயிராக இருந்தானோ அதுவே வேண்டாம் என்றாகிவிடுவது முக்கியமான அடையாளம். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி இப்படியே இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். தூக்கத்தையும் கவனியுங்கள். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது, அதனால் இரவு தாமதமாகத் தூங்குவதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு பிறகு தூக்கம் பிடிக்காமல் கிடப்பதும், பகலெல்லாம் தூங்கியும் களைப்புத் தீராமல் இருப்பதும் வேறு சங்கதி. சாப்பாடு குறையலாம், சிலருக்குக் கூடலாம். "நான் எதுக்கும் லாயக்கில்ல", "என்னாலதான் உங்களுக்குக் கஷ்டம்" என்ற பேச்சு வந்தால் அதை அடக்கமென்றோ நடிப்பென்றோ தள்ளிவிடாதீர்கள்.

பருவமடைந்த பிறகு பெண்பிள்ளைகளிடம் இந்த நோய் ஆண்பிள்ளைகளைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. வயதுக்கு வந்த பெண் அப்படித்தான் இருப்பாள் என்று நாம் அதை மூடிவிடுகிறோம். ஆண்பிள்ளைகளிடம் அது பைக் வேகமாக, அடிதடியாக, சில நேரம் குடியாக வெளியே வருகிறது. அவனைப் போலீஸ் பார்க்கும், ஹெச்.எம். பார்ப்பார், டாக்டர் மட்டும் பார்க்க மாட்டார். கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளையிடம் தனியாக, மெதுவாகப் பேசுங்கள். கையில் காயங்கள் இருந்தால் கத்த வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். தாங்க முடியாத ஒன்றைத் தாங்க அந்தப் பிள்ளை கண்டுபிடித்த வழி அது.

போனைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். போன்தான் காரணம் என்பதை முழுதாக நான் ஒப்புக்கொள்வதில்லை. மனம் சோர்ந்த பிள்ளை ஒதுங்குகிற இடமாகவும் அது இருக்கிறது. ஒரேயடியாகப் பிடுங்கினால் பேச இருந்த கடைசித் தோழியும் போய்விடுவாள். ஆனால் இரவில் போன் தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டால் நோய் முற்றுகிறது. எனவே இரவு பத்து மணிக்குமேல் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், அப்பா போனும் சேர்த்து.

மனச்சோர்வு எங்கோ ஒருவர் வீட்டில் வருகிற அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது கண்டது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். பெருநகரங்களில் இந்த அளவு இன்னும் அதிகம். மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைப்பதில்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். 2022ஆம் ஆண்டில் நாடு முழுக்க 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 1,416. அந்த ஆண்டு மாநிலங்களில் நாம் இரண்டாம் இடம். கல்வியில் முன்னணி என்று பெருமைப்படுகிற நாம் இந்த இடத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரே காரணத்தால் எந்தப் பிள்ளையும் சாவதில்லை. ஆனால் அந்தக் கணத்துக்கு முன்னால் பல மாதங்கள் கவனிக்கப்படாத மனச்சோர்வு இருந்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

பிள்ளைகளை அழுத்துகிற தேர்வு முறையை மாற்ற முடியும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. தேர்வில் தவறியவர்கள் ஒரு வருடம் வீட்டில் முடங்கிக் கிடக்காமல் சில வாரங்களில் மறுபடி எழுதும் துணைத்தேர்வு இன்று நமக்குச் சாதாரணம். அதற்காக வாதாடியவர்களில் சென்னையில் 1986இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் முக்கியமானவர். பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவதை அரசு 2017இல் நிறுத்தியது. அரசு நிறுத்தியதைத் தெருமுனை ஃப்ளெக்ஸ் போர்டில் நாம் இன்னும் நிறுத்தவில்லை. பள்ளி நிர்வாகிகள் யாராவது இங்கே இருந்தால், அந்தப் போர்டில் படம் இல்லாத பிள்ளை தினமும் அதன் கீழேதான் நடந்து வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. எப்படிக் கேட்பது? இதில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். எதிரில் உட்கார வைத்து, "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்று கேட்டால் பதில் வராது. அது கேள்வி இல்லை, வழக்கு. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருகிறபோதோ, சமையலறையில் வெங்காயம் உரிக்கிறபோதோ, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாத நேரத்தில் பேச்சை எடுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "கொஞ்ச நாளா நீ ஷட்டில் ஆடப் போறதே இல்ல, ராத்திரி தூங்கறதும் இல்ல. உடம்புக்கா மனசுக்கா, என்ன செய்யுதுடா கண்ணு?" அவ்வளவு போதும். ஒன்றுமில்லை என்பான். சரி என்று விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். பேசத் தொடங்கினால் இடையில் புத்தி சொல்லாதீர்கள். "எங்க காலத்துல அஞ்சு மைல் நடந்து போய்ப் படிச்சோம்" என்ற வாக்கியம் வாய்வரை வரும், விழுங்கிவிடுங்கள். அத்தை பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உங்களிடம் சொல்ல முடியாததைச் சித்தியிடமோ தாய்மாமாவிடமோ தமிழ் மிஸ்ஸிடமோ சொல்லலாம். யாரிடம் சொன்னாலும் சரிதான். அப்பா வளைகுடாவில், பிள்ளை தாத்தா பாட்டியிடம் என்றிருக்கும் வீடுகளில் இப்படி ஒரு மூன்றாவது ஆள் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கப் பெற்றோருக்கு நாக்கு எழாது. "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்ற கேள்விதான். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு மனவேதனையோ அப்படிப்பட்ட எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு, கேட்டது ஓரளவு ஆறுதலாகக்கூட இருந்திருக்கிறது. ஆகவே கேளுங்கள், நேராகக் கேளுங்கள்.

ஆமாம் என்று பதில் வந்தால் அன்றிரவு அந்தப் பிள்ளை தனியாக இருக்கக் கூடாது. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து, பாட்டியின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பூட்டுங்கள், இல்லையென்றால் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நினைத்தவன் எப்படியும் செய்வான், பூட்டி என்ன பயன் என்று கேட்கிறவர்கள் இலங்கையைப் பாருங்கள். 1995 வாக்கில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் 70 விழுக்காடு குறைந்தது. சாக வேண்டும் என்ற வேகம் பல நேரம் சில மணி நேரத்தில், சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தணிந்துவிடுகிறது. அதுவரை கைக்கு எட்டாமல் வைத்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். பொருட்களை மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, விடைபெறுவதுபோல் பேசுவது, பல வாரம் தவித்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிடுவது, இவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும். அவருக்குச் சிகிச்சை தர வேண்டியது அரசின் கடமை.

எந்த நேரத்திலும் கூப்பிடக்கூடிய எண் 14416. டெலி-மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், பிள்ளையே பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050. வீட்டிலோ வெளியிலோ யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் 1098. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறியதற்குப் பின்னால் இந்தக் காரணம் இருந்து பார்த்திருக்கிறேன். குடும்ப மானம் என்று அதை மூடினால் எந்த மருந்தும் வேலை செய்யாது.

இனி ஆஸ்பத்திரி. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார். பல தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை நாம் வசவாக ஆக்கி வைத்திருப்பதால் மனநலப் பிரிவின் வாசலில் நிற்கவே பலர் கூசுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முதலில் உங்களிடம் பேசுவோம். பிறகு உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவோம். தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பதினைந்து நிமிடம்தான் முக்கியமான சிகிச்சையின் தொடக்கம். ரத்தச்சோகையும் தைராய்டு குறைவும் இதே களைப்பையும் மந்தத்தையும் தரும் என்பதால் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குறிப்பாக, அளவுமீறிய உற்சாகமும் தூக்கமில்லாத பரபரப்பும் வந்துபோன உறவினர் இருந்தால் சொல்லுங்கள். மருந்து தேர்ந்தெடுப்பதே அதனால் மாறும்.

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையே பெரும்பாலும் போதும். நடுத்தரமானதற்கும் கடுமையானதற்கும் மருந்தும் தேவைப்படலாம். 2004இல் வெளியான, அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுவரை உள்ள 439 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஃப்ளுவாக்ஸெட்டின் மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 விழுக்காட்டினர் பன்னிரண்டு வாரத்தில் நன்கு தேறினார்கள். வெறும் மாவு மாத்திரை பெற்றவர்களில் 35 விழுக்காட்டினர். இந்த மருந்து போதைப் பொருள் இல்லை, அடிமையாக்காது. ஆனால் அது வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடுகிற வீடுகள் ஏராளம். தொடக்க வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் பதற்றமும், சாக வேண்டும் என்ற எண்ணமும் கூடக்கூடும். அதனால் அந்த வாரங்களில் அடிக்கடி வரச் சொல்வோம், மாத்திரையைப் பெரியவர்கள் கையில்தான் கொடுப்போம். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் என்ற முறையில் அரசு மனநலச் சிகிச்சை நடக்கிறது. விபூதி பூசிக்கொண்டே வாருங்கள், வந்தால் சரி. நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது தெரிந்துவிடுமே என்று காதோரம் கேட்கிற அம்மாக்களுக்கும் பதில் உண்டு. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க அதே மனநலப் பாதுகாப்புச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறது. கல்லூரிக்கோ வேலைக்கோ நாங்கள் யாருக்கும் அறிக்கை அனுப்புவதில்லை.

ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். சிகிச்சையில் இருக்கும் பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது வகுப்பில் எல்லோர் முன்னாலும் நலம் விசாரிக்காதீர்கள். தினமும் ஒரு நிமிடம் வராந்தாவில் நின்று பேசினால் போதும். முதல் சில வாரம் பாதி நாள் வரட்டும். ஸ்பெஷல் கிளாஸிலிருந்து விலக்குக் கொடுங்கள். பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்ள விடாதீர்கள், விளையாட்டும் இந்த நோய்க்கு மருந்தாக வேலை செய்கிறது. தேர்வு நெருங்கிவிட்டதென்றால் எழுதலாமா, துணைத்தேர்வுக்கு ஒத்திப் போடலாமா என்று பெற்றோர், மருத்துவர், பிள்ளை மூவரோடும் உட்கார்ந்து பேசுங்கள். எழுத வேண்டும் என்று பிள்ளையே சொன்னால் எழுதட்டும். சிகிச்சையைத் தொடங்கிவிட்டு எழுதட்டும்.

நான் பேச வேண்டியது இவ்வளவுதான். இனி உங்கள் கேள்விகள். எழுந்து நின்று கேட்கத் தயங்குகிறவர்களுக்கு நூலகத்தார் சீட்டும் பேனாவும் தருவார்கள். பெயர் எழுத வேண்டாம். தன் பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேச விரும்புகிறவர்கள் கூட்டம் கலைந்ததும் பின்னாலிருக்கும் சிறுவர் நூலக அறைக்கு வாருங்கள், அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.